வலி இல்லாத அன்றைக்கு வந்த சகலை

முதலில் வம்பை ஆரம்பிச்சது சென்னியப்பன்தான். அதை மனசில் வைச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

சென்னியப்பன் என் சகலை. அதோ மருந்துக்கடை வரிசையில் பச்சைச் சேலை கட்டிக்கிட்டு நிற்கிறாளே, அவதான் என் சம்சாரம் பாவாயி. அவளோட அக்காளைக் கட்டினவன். பரமத்தியில் கோழிப்பண்ணை வைச்சிருக்கான். நேரில் பார்த்தால் "வாங்க சகலை, போங்க சகலை"தான். மரியாதை தெரியாதவன் இல்லைங்க நான். ஆள் இல்லாத இடத்தில் அவன்தான், இவன்தான்.

நகர்ந்து நல்லா உட்காருங்க. எக்ஸ்ரே கவரை மடியில் வைக்காதீங்க, மடங்கிப் போகும். மூட்டு மாத்தத்தானே வந்திருக்கீங்க? எந்தக் கால்? வலதா? எனக்கு இடது. கிளட்ச் கால். முப்பது வருஷத்துக்கு மேலே லாரியில் மிதிச்ச கால். இப்ப சொந்தமா ஒரு குட்டியானை வைச்சிருக்கேன், வாழைத்தார் ஏத்தற வண்டி. ஆத்தோரத்துத் தோட்டத்தில் இருந்து மார்க்கெட்டுக்கு விடியறதுக்குள்ளே கொண்டு போய்ச் சேர்க்கணும். ஒரு தார் நசுங்காமல் ஓட்டறதுக்கு இந்தப் பக்கத்தில் அத்தியப்பனை விட்டால் ஆள் கிடையாது. நான் சொல்லலை, வியாபாரிங்க சொல்வாங்க. அந்தக் கால் மடங்கினால்தான் கிளட்சை மிதிக்க முடியும். மடங்கலைன்னா வண்டி போச்சு. என் மாப்பிள்ளை இப்பவே விலை பேச ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து வண்டியைச் சுத்திக் காட்டிட்டான். நான் கட்டில்ல படுத்துக்கிட்டே ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், அந்த ஆள் டயரை உதைச்சுப் பார்க்கிறான்.

சரி, வம்புக்கு வர்றேன்.

போன ஐப்பசியில் எங்க சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கோம். பக்கத்து இலை சென்னியப்பன். எனக்கு அப்பவே மூட்டு போயிடுச்சு, சேர்ல இருந்து எழுந்திரிக்க ரெண்டு பேர் கை கொடுக்கணும். எதிர்ல இருந்த ஒருத்தர் கேட்டார், "ஏனுங்க அத்தியப்பண்ணா, இப்படி நொண்டறதுக்கு ஆபரேசன் பண்ணிக்கக் கூடாதா?"

"பண்ணத்தான் போறேன். டாக்டர் தேதி கொடுத்தாச்சு"ன்னேன்.

இவன் ரசத்தை உறிஞ்சிட்டு, நிதானமாச் சொல்றான், "சகலை தாங்க மாட்டாருங்க. மூட்டு ஆபரேசன்னா சும்மாவா? அவர் போடற சத்தத்துல ஆஸ்பத்திரிக்காரங்க வேற ஊருக்குக் குடி போயிருவாங்க."

பந்தியே சிரிச்சது. அப்பளம் போட வந்தவன் கூடச் சிரிச்சான். அப்பளமே போடாமல் போயிட்டான்.

ஏன் அப்படிச் சொன்னான்னு கேட்பீங்க. காரணமே கிடையாதுங்க. அவனும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாலே இதே ஆபரேசன் பண்ணிக்கிட்டவன். வேற ஆஸ்பத்திரி. நான் முறையாப் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கிட்டுப் போய், காலையில் இருந்து பொழுது சாயற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்னிக்கு அவன் போட்ட சத்தம் இருக்கே! "ஆத்தா... என்னைப் பெத்த ஆத்தா... என்னால ஆகாது, காலை வெட்டிப் போட்டுருங்கடா"ன்னு ஒரே அழுகை. ஆம்பளை. மீசை வைச்ச ஆம்பளை.

அதை நான் ஒண்ணும் ஊரெல்லாம் போய்ச் சொல்லலை. சொந்தக்காரங்க கேட்டாங்க, சொன்னேன். எனக்குக் கொஞ்சம் மத்தவங்க மாதிரி பேசிக் காட்டற பழக்கம் உண்டு. காதுகுத்து, வளைகாப்பு, எங்கே போனாலும் இளவட்டங்க சுத்திக்கும். "மாமா, சென்னியப்பன் மாமா அழுததைச் செஞ்சு காட்டுங்க"ன்னு கேட்கும். சின்னஞ்சிறுசுங்க ஆசையாக் கேட்டால் எப்படி மாட்டேன்னு சொல்றது? ரெண்டு மூணு தடவை அவனே அங்கே இருந்திருக்கான். அவனும்தான் சிரிச்சான். சிரிச்சானா இல்லையான்னு கேளுங்க பாவாயியை. சிரிச்சவனுக்கு அப்புறம் என்ன வருத்தம்? நான் செஞ்சது தமாசு. அவன் பந்தியில் சொன்னது தமாசு இல்லைங்க, அது அவமானம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

அந்த இலையிலேயே முடிவு பண்ணிட்டேன். கழுத்தை அறுத்தாலும் ஒரு முனகல் வெளியே வரக் கூடாதுன்னு.

ஆபரேசன் அன்னிக்கு முதுகில் ஒரு ஊசி போட்டாங்க. இடுப்புக்குக் கீழே எனக்குக் காலே இல்லாத மாதிரி ஆகிடுச்சு. ஆனா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். முன்னாலே ஒரு துணியைத் திரை மாதிரி கட்டிட்டாங்க. அந்தப் பக்கம் டங்கு டங்குன்னு சுத்தியல் சத்தம். பட்டறையில் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிற மாதிரியே இருந்தது. நமக்குப் பழக்கமான சத்தம்தானே, பயமே இல்லை. உங்களுக்கும் இருக்காது, பயப்படாதீங்க.

முடியற நேரத்தில் மயக்க டாக்டரம்மா தலைமாட்டுக்கு வந்து ஏதோ சொன்னாங்க. தையல் போடறதுக்கு முன்னாலே மூட்டைச் சுத்தி மரத்துப்போற மருந்து போட்டிருக்குன்னு சொன்னாங்க. அதனாலே நாளைக்கு வரைக்கும் வலி தெரியாதுன்னாங்க. அது வரைக்கும் காதில் விழுந்தது. அதுக்கு அப்புறமும் சொன்னாங்களாம், வார்டுக்கு வந்து பாவாயி இருக்கும்போது மறுபடியும் சொன்னாங்களாம். "வலி இல்லைன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. இந்த மருந்து விடறதுக்கு முன்னாடியே மாத்திரை உடம்புல ஏறியிருக்கணும். வலி வந்தப்புறம் அதை விரட்டறது கஷ்டம். யார் கேட்டாலும் உள்ளபடி சொல்லுங்க." அவங்க இப்படிச் சொன்னதாப் பாவாயி சொல்றா. சொல்லியிருப்பாங்க. எனக்கு அப்ப கவனமெல்லாம் சென்னியப்பன் எப்ப வருவான்னு வாசல் மேலே இருந்தது.

எங்க பக்கத்தில் ஒரு முறை உண்டு. உங்க பக்கத்திலும் இருக்கும். ஒருத்தன் ஆஸ்பத்திரியில் படுத்தால் இன்னொருத்தன் போய்ப் பார்க்கணும். பார்த்தவனுக்குத் திரும்பப் பார்க்கணும். நான் அவனைப் பார்த்தேன். வலியோட கிடந்தப்பப் பார்த்தேன். அவனும் வரணும். வந்தான்.

எப்ப வந்தான்? அன்னிக்குச் சாயங்காலமே வந்துட்டான். எனக்கு ஒரு சொட்டு வலி கிடையாது. முதுகு ஊசி விட்டுப்போச்சு, காலை அசைக்க முடியுது, ஆனா மூட்டு மட்டும் யாரோட மூட்டோ மாதிரி கிடக்குது. நடைப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு, ஜெசிந்தான்னு பேரு, சின்னப் பொண்ணு, இப்ப இந்த ரூமுக்குள்ளே இருக்குதே அதேதான், வாக்கரைக் கொடுத்து நாலு எட்டு நடக்க வைச்சுட்டுப் போயிருந்தது.

சென்னியப்பன் உள்ளே வந்து பயந்த முகமா நிற்கிறான். "சகலை, எப்படி இருக்கு? வலி ரொம்பவா?"

"வலியா? அப்படின்னா என்னங்க சகலை?"ன்னேன்.

அவன் முகம் போன போக்கு இருக்கே! அந்த ஒரு முகத்துக்காக இன்னொரு மூட்டையும் மாத்திக்கலாம்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். ரெண்டு ஆப்பிளை எடுத்து வைச்சான். கிளம்பறேன்னு எழுந்தான். "இருங்க சகலை, வழியனுப்பி வைக்கிறேன்"னு நானும் எழுந்துட்டேன். சிஸ்டர் கத்துது, பாவாயி கத்தறா, நான் வாக்கரைத் தள்ளிக்கிட்டு லிப்ட் வரைக்கும் போய் அவனை ஏத்திவிட்டேன். காலையில் காலை வெட்டி இரும்பு வைச்ச ஆள், சாயங்காலம் விருந்தாளியை வழியனுப்பறேன்! என் பொண்ணு அதைச் செல்போன்ல படம் பிடிச்சா. நான்தான் பிடிக்கச் சொன்னேன். சொந்தக்காரங்க குரூப்பில் போடுன்னும் நான்தான் சொன்னேன்.

லிப்ட் கதவு சாத்தறதுக்கு முன்னாலே அவன் சொன்னான், "சகலை, இது ஊசி பண்ணற வேலை. நாளைக்கு விட்டுரும். அதுக்கு முன்னாலேயே மாத்திரையைப் போட்டுக்குங்க. வலிக்கலையேன்னு விட்டுத்தான் நான் அந்தப் பாடு பட்டேன்."

பார்த்தீங்களா வயித்தெரிச்சலை? தான் அழுததுக்கு ஒரு சாக்கு வேணும். நான் அழாமல் இருக்கிறதும் பொறுக்கலை.

அந்த மாத்திரைகளை நான் போடலைங்க. வலிக்காதபோது வலி மாத்திரை எதுக்கு? பசிக்காதபோது சோறு திங்கறோமா? சிஸ்டர் கையில் கொடுத்துட்டுத் திரும்பினதும் தலையணைக்கு அடியில் தள்ளிட்டேன். வழக்கமா சிஸ்டருங்க வாயில் போட்டு முழுங்கற வரைக்கும் நிற்பாங்க. அன்னிக்கு என் நேரம், பக்கத்து ரூமில் மணி அடிச்சுக்கிட்டே இருந்தது.

மறுநாள் காலையில் இட்லி சாப்பிடறப்ப லேசா ஒரு குறுகுறுப்பு. சரி, கால் முழிச்சுக்குதுன்னு நினைச்சேன். கை கழுவி வாய் கொப்பளிச்சு உட்கார்ந்தேன். பாருங்க, அப்ப ஆரம்பிச்சது. மூட்டுக்குள்ளே ஜாக்கியை வைச்சு யாரோ ஏத்தறாங்க. ஒவ்வொரு சுத்தா ஏத்தறாங்க. இதுக்கு மேலே ஏறாதுன்னு நினைச்சால் இன்னொரு சுத்து. வேர்வை நெத்தியில் இருந்து மூக்கு வழியா வடியுது.

அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரங்க ஒரு வேன் நிறைய வந்து இறங்கறாங்க.

ஏன் வந்தாங்க? என் வீடியோவைப் பார்த்துட்டு வந்தாங்க. சும்மா வலியில் கிடக்கிறவனைப் பார்க்க ரெண்டு பேர் வருவாங்க. வலியே இல்லாதவனைப் பார்க்க ஊரே வரும் போல. பாவாயியோட சித்தப்பா ஒருத்தர், காது சரியாக் கேட்காது, கட்டில் முன்னாலே சேரைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, "எங்கே மாப்பிள்ளை, அந்த நடையை நடந்து காட்டு"ங்கிறார். "நேத்து போன்ல பார்த்தேன், சின்னதாத் தெரிஞ்சது. இப்ப பெரிசாப் பார்க்கணும்"ங்கிறார்.

என்ன பண்ணச் சொல்றீங்க? நடந்தேன்.

கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒவ்வொரு அடிக்கும் கண்ணில் மின்னல் அடிக்குது. கைதட்டறாங்க. ஒரு பையன் மறுபடியும் படம் பிடிக்கிறான். அந்த நேரத்துக்குச் சிஸ்டர் வந்து எல்லார் முன்னாலேயும் கேட்குது, "ஐயா, வலி பத்துக்கு எத்தனை?" இங்கே அப்படித்தான் கேட்பாங்க. ஒண்ணுமே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து. உங்களையும் கேட்பாங்க.

"சைபர்"னேன்.

"முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே ஐயா?"

"முகம் எங்க அப்பன் வழி. அப்படித்தான் இருக்கும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிஸ்டரும் சிரிச்சுக்கிட்டே சைபர்னு எழுதிக்கிட்டுப் போயிடுச்சு.

வேன் கிளம்பினதும் பாவாயி கதவைச் சாத்தினா. என்னையே பார்த்தா. "மரத்துப் போனது காலு மட்டும்னு நினைச்சேன்"னு சொன்னா. அவ ரொம்பப் பேச மாட்டா. பேசினா இப்படித்தான். "அக்காளுக்குப் போன் போடறேன். மாமா இதெல்லாம் பட்டவரு, என்ன பண்ணணும்னு கேட்கலாம்"னா.

"போட்டீன்னா நான் உன் புருஷன் இல்லை"ன்னேன். "யார் கேட்டாலும் வலி இல்லைன்னுதான் சொல்லணும். என் மேலே சத்தியம் பண்ணு"ன்னேன். பண்ணினா. அப்புறம் போன் வர்றப்பெல்லாம், "நல்லா இருக்காருங்க, ஒண்ணும் வலியே இல்லைங்க"ன்னு என்னைப் பார்த்துக்கிட்டே சொல்வா. அந்தப் பார்வை மூட்டு வலியை விட மோசம்.

கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா வந்தது, காலை மடக்கணும்னு. "மாத்திரை போட்டுக்கிட்டீங்களா ஐயா?"

"ஆச்சு."

"வலி?"

"சைபர்."

அது நம்பிடுச்சு. சைபர்னு சொன்ன ஆளுக்கு மடக்கற மாதிரி மடக்கிடுச்சு. பாவம், அது மேலே தப்பில்லை.

துண்டை வாயில் திணிச்சிருந்தேன். இருந்தும் வந்துடுச்சுங்க. எங்கிருந்து வந்ததுன்னு தெரியலை. "ஆத்தா... என்னைப் பெத்த ஆத்தா..."ன்னு. என் குரலே இல்லை அது. சொன்னா நம்புவீங்களா, ஒரு நிமிஷம் சென்னியப்பன்தான் ரூமுக்குள்ளே வந்துட்டான்னு நினைச்சேன்.

ஜெசிந்தா பயந்து கையை எடுத்துடுச்சு. பாவாயி என் தலையைப் பிடிச்சுக்கிட்டா. ரூமில் நாங்க மூணு பேர்தான். கதவு சாத்தியிருந்தது. அதனாலே பரவாயில்லைன்னு நினைச்சேன். வெளியே போகாதுன்னு நினைச்சேன்.

அதுக்கு அப்புறம் ஜெசிந்தா டாக்டரைக் கூப்பிட்டது, ஒரு ஊசி போட்டாங்க, அடங்கிச்சு. அடங்கினதும் நான் மறுபடியும் சைபர்தான். டாக்டர் திட்டினார். திட்டிட்டுப் போகட்டும், அவருக்கு எங்க சொந்தபந்தம் தெரியாது.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். மாத்திரை போட்டுக்கிட்டு அரை மணி கழிச்சுக் காலை மடக்கிப் பழகணும்னு சொல்லியிருந்தாங்க. நான் போடலை. வீட்டில் யாராவது வந்துக்கிட்டே இருக்காங்க. மாத்திரை அட்டை மேசை மேலே காலியாக் கிடந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஓகோ, இவனுக்கும் வலி இருக்குன்னு நினைப்பான். அது சென்னியப்பன் காதுக்குப் போகும். மாத்திரை இல்லாமல் மடக்கினால் உயிர் போகுது. அதனாலே மடக்கறதையே விட்டுட்டேன். காலை நீட்டிப் போட்டுக்கிட்டு, வர்றவங்ககிட்டே "ஜம்முனு இருக்கேன்"னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கால் விறைச்சுப் போச்சு.

போன தடவை இங்கே வந்தப்ப டாக்டர் ரெண்டு கையாலும் மடக்கிப் பார்த்தார். கட்டை மாதிரி நிற்குது. "இப்படியே விட்டா உள்ளே தசை ஒட்டிக்கும். அடுத்த தடவை வர்றப்பவும் இதே மாதிரி இருந்தா, மறுபடியும் மயக்கம் கொடுத்துத்தான் வலுக்கட்டாயமா மடக்கணும். அப்பவும் முழுசா மடங்கும்னு சொல்ல முடியாது"ன்னார். அடுத்த தடவைங்கிறது இன்னிக்குத்தான்.

வீட்டுக்குப் போய் வண்டியில் ஏறிப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரமாப் பார்த்து. ஏறவே முடியலை. கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கிட்டு நிற்குது. ஸ்டியரிங்கைத் தொட்டுட்டு இறங்கிட்டேன். மாப்பிள்ளை, "என்ன மாமா, அந்த ஆளுக்கு என்ன சொல்றது?"ன்னு கேட்கிறான். "இன்னிக்கு டாக்டரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்"னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

இதுக்கு நடுவில் சென்னியப்பன் மறுபடியும் வந்தானா? வரலை. போன் பண்ணுவான், பாவாயிகிட்டே கேட்பான், வைச்சுடுவான். ஆள் வரலை. வலி இல்லாத அன்னிக்கு வந்தது எப்படிங்க கணக்கில் சேரும்? நான் அவனை வலியோட பார்த்தேன். அவன் என்னைச் சும்மா பார்த்தான். அது வந்து பார்த்ததா? அது கல்யாணத்துக்கு வந்துட்டுப் போற மாதிரி. காலையில் பஸ்ஸில் வர்றப்ப பாவாயிகிட்டே இதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். "உன் அக்கா வீட்டுக்காரனுக்கு முறை தெரியாது. வலியில் கிடந்தப்ப எட்டிப் பார்க்காதவன்"னு. இதை நான் தினமும்தான் சொல்றேன். இன்னிக்குத்தான் புதுசாச் சொன்ன மாதிரி அவளுக்குக் கோபம் வந்துடுச்சு.

"வந்தாருங்க"ன்னா.

"என்னிக்கு?"

"மறுநாளே வந்தாரு. நீங்க ஆத்தான்னு கத்தினீங்களே, அப்ப கதவுக்கு வெளியேதான் நின்னுக்கிட்டு இருந்தாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"னேன்.

ஊசி போட்டு நான் அடங்கினதும் அவ தண்ணி பிடிக்க வெளியே போனப்பப் பார்த்தாளாம். கையில் ஒரு தூக்குப் போணியோட சுவத்தோரமா நிற்கிறானாம். கண்ணெல்லாம் கலங்கிப் போய் நிற்கிறானாம். "உள்ளே வாங்க மாமா"ன்னு இவ கூப்பிட்டிருக்கா. "வேண்டாம் அம்மிணி. நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா சகலைக்கு அது வலியை விடப் பெரிசாப் போயிரும். நான் வந்ததைச் சொல்லாதே"ன்னு சொல்லிட்டு, போணியை இவ கையில் கொடுத்துட்டு, லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் அந்த மாத்தின மூட்டை வைச்சுக்கிட்டுப் படியில் இறங்கிப் போனானாம்.

போணியில் என்ன தெரியுங்களா? ஆட்டுக்கால் சூப்பு. அவன் சம்சாரம் வைச்சது. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அந்தச் சூப்பு வந்தது. மாப்பிள்ளை மெஸ்ஸில் வாங்கி வர்றான்னு நினைச்சுக் குடிச்சேன். மிளகு தூக்கலா, நல்லா இருக்குன்னு சொல்லி ரெண்டாவது டம்ளர் வேறே கேட்டேன். எல்லாம் அவன் கொண்டுவந்து கீழே வாட்ச்மேன்கிட்டே கொடுத்துட்டுப் போனது. எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், அவன் வீட்டுச் சூப்பை என் வயித்துக்குள்ளே ஊத்தியிருக்காங்க, அவனும் அவன் மச்சினி பாவாயியுமாச் சேர்ந்து. இது எந்த ஊர் நியாயம்?

அதை விடுங்க. இதைக் கேளுங்க. அவன் இதை ஒருத்தர்கிட்டேயும் சொல்லலை. பஸ்ஸில் இருந்தே நாலு பேருக்குப் போன் போட்டேன். பேச்சுக் கொடுத்து வாயைக் கிளறிப் பார்த்தேன். "சென்னியப்பன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?" "சொன்னாரே, சகலை பெரிய தைரியசாலின்னு சொன்னாரே, வீடியோவை எல்லாருக்கும் காட்டினாரே." இப்படித்தான் சொல்றாங்க எல்லாரும். அந்த வீடியோவை அவனே காட்டிக்கிட்டுத் திரியறானாம்!

இவன் என்ன மனுஷன்? நான் கத்தினதை அவன் நாலு பேர்கிட்டே செஞ்சு காட்டியிருந்தால் சரிக்குச் சரியாப் போயிருக்கும். நானும் நாலு வார்த்தை திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். வாயை மூடிக்கிட்டு இருக்கான். இதை நான் என்னன்னு எடுத்துக்கிறது?

பாவாயி சொல்றா, "உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா, இறங்கினதும் மாமாவுக்கு ஒரு போன் போடுங்க"ன்னு. எதுக்குப் போடணும்? நான் எதுக்குப் போடணும்?

இங்கே வந்து உள்ளே போனேன். ஜெசிந்தா வழக்கம்போல, "ஐயா, பத்துக்கு எத்தனை?"ன்னு கேட்டது. சைபர்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். யாருக்குத் தெரியக் கூடாதுன்னு இத்தனை நாள் பொத்தி வைச்சேனோ, அவனுக்கு ரெண்டாம் நாளே தெரியும். இனி யாருக்காகப் பொத்தறது? "எட்டு"ன்னேன்.

அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வைச்சுட்டு என்னைப் பார்த்துச்சு. "முதல் நாள்ல இருந்தேவா?"

"நடுவில் பத்தும் இருந்தது."

ஒரு வார்த்தை திட்டலைங்க. மாத்திரை கொடுத்து, மூட்டு மேலே ஐஸ் பையை வைச்சு, அரை மணி நேரம் உட்கார வைச்சது. அப்புறம் மெதுவா மடக்கிச்சு. வலிச்சது, வலிக்கலைன்னு சொல்லலை. ஆனா தாங்கற வலி. போன தடவை நின்ன இடத்தைத் தாண்டிக் கால் கீழே இறங்குது. எனக்கே நம்பிக்கை வரலை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டிச்சு. அவர் பார்த்துட்டு, "மயக்கம் கொடுக்கிறதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். மாத்திரையை ஒழுங்காப் போட்டுக்கிட்டுத் தினமும் வந்து மடக்கணும். கிளட்ச் மிதிக்கிற அளவுக்கு வருமான்னு இன்னும் ஒரு மாசம் போனாத்தான் சொல்ல முடியும். நாள் ரொம்ப வீணாப் போச்சு"ன்னார். அந்த மாத்திரை வாங்கத்தான் பாவாயி வரிசையில் நிற்கிறா.

நாள் வீணாப் போச்சுன்னாரே, யாரால போச்சு? சொல்லுங்க. நீங்களே பஞ்சாயத்துப் பண்ணுங்க.

சென்னியப்பனால போச்சு. அன்னிக்கே அவன் கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே வந்திருந்தால், அன்னிக்கே எனக்கு அவன் கேட்டுட்டான்னு தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தால் அன்னிக்கே நான் மாத்திரையைப் போட்டிருப்பேன். போட்டிருந்தால் கால் மடங்கியிருக்கும். மடங்கியிருந்தால் இந்நேரம் நான் வாழைத்தார் ஏத்திக்கிட்டு ஆத்துப் பாலத்து மேலே போயிக்கிட்டு இருப்பேன். எவனோ ஒருத்தன் என் டயரை உதைச்சுப் பார்த்திருக்க மாட்டான். எல்லாம் இவன் பெரிய மனுஷத்தனம் பண்ணிக்கிட்டு வெளியே நின்னதால வந்த வினை. வண்டி போச்சுன்னா அது அவன் கணக்கில்தான்.

பாவாயி வந்துட்டா. வர்றேன் வர்றேன், இரு.

நீங்க ஆபரேசன் பண்ணிக்குங்க, ஒண்ணும் பயமில்லை. ஆனா ஒண்ணு, உங்க சகலை கதவுக்கு வெளியே நிற்கிறாரான்னு மட்டும் யாரையாவது பார்த்துக்கச் சொல்லுங்க.

அவ கையில் போனை வைச்சுக்கிட்டு நீட்டறா பாருங்க. அவன்தான் லைன்ல. கேட்கிறானாம், டாக்டர் என்ன சொன்னாருன்னு. நான் பேச மாட்டேன். போனில் கேட்டால் ஆச்சா? அவன் வரணும். வீட்டுக்கு வரணும், உள்ளே வரணும், என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, "சகலை, வலிக்குதா?"ன்னு கேட்கணும்.

ஆமாம்னு சொல்லியிருப்பேங்க. அன்னிக்கு உள்ளே வந்து கேட்டிருந்தால் அவன்கிட்டே மட்டும் சொல்லியிருப்பேன். வேறே யாருக்குத் தெரியும் அந்த வலி?

கேட்கலையே. இன்னும் கேட்கலை.